ஸ்டப்பா, மாக்கா, ஃபேக்கா, நிஜமா? இலைக் கொள்முதல் மென்பொருளை வைத்து ஓர் ஒப்பீடு

"அக்கா, இந்த கிளாஸை டெஸ்ட் பண்ணத் தராசுக்கு ஸ்டப் போடணுமா, மாக் போடணுமா?"

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். (கிளாஸ் என்பது நிரலின் ஒரு துண்டு, மெத்தட் என்பது அது செய்யும் ஒரு வேலை. ஸ்டப், மாக் இரண்டும் டெஸ்ட் ஓடும்போது நிஜப் பொருளுக்குப் பதிலாக நிற்பவை.) இரண்டு பேர் ஊட்டியில் கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இன்னொருவர் குன்னூரில் வீட்டிலிருந்தபடி கோவைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். மூவருக்கும் ஒரே சிக்கல்தான். லைப்ரரி சுலபமாகத் தருகிறதே என்று எல்லாவற்றுக்கும் மாக் போட்டிருக்கிறார்கள். இப்போது நிரலில் ஒரு மெத்தடின் பெயரை மாற்றினாலும் இருபது டெஸ்ட் சிவக்கிறது, அதாவது ஃபெயில் ஆகிறது. சரி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிஜ டேட்டாபேஸ், நிஜ எஸ்எம்எஸ் கேட்வே என்று போகலாமா என்றால், அது மழை நாளில் ஓடவே மாட்டேன் என்கிறது.

நான் வேலை பார்ப்பது கோத்தகிரியில், நாலு பேர் கொண்ட குழுவில். சிறு தேயிலை விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலைக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதுகிறோம். மையத்தில் மூட்டை தராசில் ஏறும், எடை டேப்லெட்டுக்கு வரும். சாக்கு எடையையும், இலை நனைந்திருந்தால் ஈரக் கழிவையும் கழித்து நிகர எடை போடுவோம். ரசீது பேரேட்டில் பதிவாகும், விவசாயியின் போனுக்கு எஸ்எம்எஸ் போகும். விலை அந்த இடத்தில் முடிவாகாது. நீலகிரிப் பசுந்தேயிலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும், அதை வைத்துத்தான் கணக்கை முடிப்போம். அதுவரைக்கும் முன்பணம் கொடுத்து வருவோம்.

இதற்கெல்லாம் நடுவில் 'ரசீது' என்று ஒரு கிளாஸ். அது தானாக எதையும் செய்துவிடாது. தராசு, கடிகாரம், விலைப் பட்டியல், பேரேடு, எஸ்எம்எஸ் கேட்வே, முன்பணப் பட்டுவாடா என்று ஆறு கூட்டாளிகளிடம் போய் நிற்கும். இந்த ஆறு பேரையும் தள்ளிவைத்து ரசீதை மட்டும் தனியாகச் சோதிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் பதில் வேறு. "எப்போதும் ஸ்டப்", "எப்போதும் மாக்" என்று ஒரே பதில் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

## முதலில் பெயர்க் குழப்பம்

சினிமாவில் நாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவரை நாம் டூப் என்போம். டெஸ்டில் நிஜப் பொருளுக்குப் பதிலாக நிற்பதற்கும் அதே இடத்திலிருந்துதான் பெயர் வந்தது: டெஸ்ட் டபுள். 2007-ல் ஜெரார்ட் மெசரோஸ் டெஸ்ட் பற்றிய தன் புத்தகத்தில் இந்தப் பொதுப்பெயரின் கீழ் வகைகளைப் பிரித்துவைத்தார். நமக்கு வேண்டியவை இவை.

ஸ்டப்: கேட்டால், நாம் முன்பே எழுதிவைத்த பதிலைச் சொல்லும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

மாக்: தன்னை என்ன சொல்லி, எத்தனை தடவை கூப்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு நிற்கும். அப்படி நடக்காவிட்டால் டெஸ்டை அதுவே ஃபெயில் ஆக்கும். இதற்கு நெருங்கிய உறவு ஸ்பை: நடந்ததைக் குறித்துமட்டும் வைக்கும், கடைசியில் நாம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபேக்: உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் குறுக்குவழியில். டிஸ்க்கில் எழுதுவதற்குப் பதில் மெமரியில் ஒரு பட்டியலில் போட்டுவைக்கும் பேரேடு இந்த வகை.

குழப்பத்தில் பாதியை உண்டாக்கியது லைப்ரரிகள்தான். ஜாவா மொழிக்கான மாக்கிட்டோ லைப்ரரியில் உங்களுக்கு வேண்டியது வெறும் ஸ்டப் என்றாலும் மாக் என்ற மெத்தடைத்தான் கூப்பிட வேண்டும். பைத்தானிலும் மாக் என்ற கிளாஸில்தான் பதிலை வைக்க வேண்டும். அதனால் பெயரைப் பார்க்காதீர்கள். டெஸ்டின் கடைசி வரியைப் பாருங்கள். அது வந்த விடையைச் சரிபார்த்தால் நீங்கள் போட்டது ஸ்டப். கூப்பிட்டார்களா என்று சரிபார்த்தால் அது மாக்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

வேகம் முதலாவது. ஒரு யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சின்னத் துண்டை மட்டும் சோதிப்பது) ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு எடுத்தாலே அது மெதுவான டெஸ்ட் என்பார் மென்பொருள் நூலாசிரியர் மைக்கேல் ஃபெதர்ஸ். கடுமையாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 600 டெஸ்டுகள், ஒவ்வொன்றும் 0.1 விநாடி என்றால் ஒரு நிமிடம். ஒரு நிமிடம் ஆகிற டெஸ்டை யாரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்ட மாட்டார்கள்.

இரண்டாவது, இன்று வந்த விடையே நாளையும் வருகிறதா. மலையில் இருப்பவர்களுக்கு இது வேகத்தைவிட முக்கியம். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். அக்டோபருக்கு மேல் வடகிழக்கு வந்தால் எங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கம். மின்கம்பியில் மரம் விழும், டவர் போகும். அன்றைக்கு டெஸ்ட் சிவந்தால் பிழை நிரலிலா, ரோட்டிலா என்று தெரியாது. இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாவது தடவை நிஜப் பிழையையும் "நெட்வொர்க்தான்" என்று தாண்டிப் போய்விடுவோம்.

மூன்றாவது, ஃபெயில் ஆனால் எந்த இடம் என்று காட்டுகிறதா. நான்காவது, நிஜத்துக்கு எவ்வளவு நெருக்கம். ஐந்தாவது, நடத்தை மாறாமல் நிரலின் உள்ளமைப்பை மட்டும் மாற்றினால் டெஸ்ட் தாங்குமா. இந்தக் கடைசி இரண்டில்தான் ஸ்டப்புக்கும் மாக்குக்கும் உள்ள மறைவான செலவுகள் எல்லாம் இருக்கின்றன.

## நிஜப் பொருளையே வைத்தால்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறையப் பேர் இதை ஒரு வாய்ப்பாகவே நினைப்பதில்லை. 'தனியாகச் சோதிப்பது' என்றால் பக்கத்தில் இருக்கும் எல்லா கிளாஸையும் அறுத்தெறிவது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் நிரலில் 'நிகர எடைக் கணக்கு' என்று ஒரு சின்ன கிளாஸ் இருக்கிறது. மொத்த எடை, சாக்கு எடை, ஈரக் கழிவு சதவீதம் கொடுத்தால் நிகர எடை தரும். அவ்வளவுதான். டிஸ்க்கைத் தொடாது, நெட்வொர்க்குக்குப் போகாது, மணி பார்க்காது. இதற்கு ஸ்டப் போட்டால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது, போவதுதான் மிச்சம். ரசீது கிளாஸ் சதவீதம் கேட்கும் இடத்தில் பத்து என்று கொடுக்க வேண்டியதை 0.1 என்று கொடுத்தால் ஸ்டப் அதை வாங்கிக்கொண்டு எழுதிவைத்த விடையையே சொல்லும். நிஜப் பொருள் உடனே காட்டிக்கொடுக்கும்.

இதன் குறை, கணக்கில் பிழை வந்தால் ரசீது டெஸ்டும் சேர்ந்து சிவக்கும். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கணக்கு கிளாஸுக்கே தனி டெஸ்ட் இருந்தால் அதுவும் சிவந்திருக்கும், அங்கே போய்ப் பார்த்தால் போதும்.

நிஜப் பொருளே கடைசிவரை சரிப்படாத இடம் தராசு, கேட்வே, வங்கி. எங்கள் தராசு எடை நிலைப்பதற்கு இரண்டு விநாடி காத்திருக்கும். 40 டெஸ்ட் என்றால் அதற்கே 80 விநாடி. அதோடு ஒருவர் நின்று மூட்டையைத் தூக்கித் தூக்கி வைக்கவும் வேண்டும்.

## ஸ்டப் போட்டால்

நாலு வழிகளில் நான் அதிகம் எடுப்பது இதுதான், அதிகம் அடிபட்டதும் இதில்தான்.

சாதாரண உதாரணம்:

தராசு ஸ்டப்: எடை() → 32.5
சாக்கு எடை: 0.5, ஈரக் கழிவு: 10 சதவீதம்
எதிர்பார்ப்பு: நிகர எடை = 28.8

32.5-ல் சாக்கு போக 32. அதில் பத்து சதவீதம் 3.2. மீதி 28.8. ஐந்து வரி டெஸ்ட், கண் சிமிட்டும் நேரத்தில் ஓடும், மின்சாரம் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும். நிரல் தெரியாத கொள்முதல் மேற்பார்வையாளரிடம் காட்டினால்கூட "கணக்கு சரிதான்" என்று சொல்லிவிடுவார். அப்படி எங்கள் மேற்பார்வையாளர் படித்துத் திருத்தியும் தந்திருக்கிறார். சாக்கைக் கழித்த பிறகுதான் ஈரக் கழிவு போட வேண்டும், முன்னால் போட்டால் விவசாயிக்கு நஷ்டம் என்று சொன்னது அவர்தான். 32.5-ல் முதலில் பத்து சதவீதம் கழித்துப் பிறகு சாக்கைக் கழித்தால் 28.75 வரும். 50 கிராம் வித்தியாசம். ஒரு மூட்டைக்கு 50 கிராம், ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, வருடத்துக்கு எத்தனை நாள்! டெஸ்ட் வாசிக்க எளிதாக இருந்ததால்தான் அந்தக் கண் அதைப் பிடித்தது.

ஆனால் ஸ்டப்பின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நிஜத்தில் எப்போதாவது நடப்பதை, நினைத்த நொடியில் நடத்திக் காட்டும். கேட்வே பதில் சொல்லாமல் டைம்அவுட் ஆகிறது. தராசு தட்டில் எதுவுமில்லாமல் மைனஸ் எடை காட்டுகிறது. விலைப் பட்டியலில் இந்த மாத விலை இன்னும் வரவில்லை. ஸ்டப் இருந்தால் ஒரு வரி: கேட்டதும் பிழையை எறி. மழைக்காலத்தில் நெட்வொர்க் எத்தனை தடவை போனாலும், நம் டெஸ்ட் ஓடுகிற அந்த நொடியில் போகும்படி அதை நாம் கேட்டுக்கொள்ள முடியாது.

கடிகாரமும் இப்படித்தான். எங்களுக்கு வந்த ஒரு கேள்வி: ஜூலை 31 மாலை எடை போட்ட ரசீது, டவர் இல்லாததால் ஆகஸ்ட் 1 காலையில் சர்வருக்கு வருகிறது. எந்த மாத விலையில் சேரும்? எடை போட்ட மாதத்தில் சேர வேண்டும். நிரல் சர்வர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, சர்வர் உலக நேரத்தில் ஓடுகிறது. இங்கே நள்ளிரவு 12 என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 6.30. மாதக் கணக்கை மூடும் நிரல் இந்த ஐந்தரை மணி நேரத்தில் தடுமாறும். இவற்றை மாதக் கடைசிவரை காத்திருந்து சோதிக்க முடியுமா? ஜாவாவில் எட்டாவது பதிப்பிலிருந்து, 2014 முதல், ஓரிடத்திலேயே நிற்கும் கடிகாரம் மொழியோடு சேர்ந்தே வருகிறது. அதைக் கன்ஸ்ட்ரக்டர் (கிளாஸிலிருந்து பொருளை உருவாக்கும் பகுதி) வழியாகக் கொடுத்தால் போதும். இன்றைய தேதியை நிரலின் நடுவில் நேரடியாகக் கேட்கும் வரி ஒன்றாவது உங்களிடம் இருந்தால், முதல் ஸ்டப்பை அங்கே போடுங்கள். இதுபோல் பலன் தருவது வேறில்லை.

சரி, செலவு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மையத்தில் பழைய தராசு பழுதாகிப் புதியது வைத்தோம். எல்லா டெஸ்டும் பச்சை. நான்காவது நாள் ஒரு அம்மா ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, "நேத்தும் இதே மூட்டைதான், இன்னைக்கு ரெண்டு கிலோ கொறையுதே" என்று கேட்டிருக்கிறார். மையத்திலிருந்தவர்கள் ஈரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் விடவில்லை, மறுபடி எடை போடச் சொல்லியிருக்கிறார். இரண்டு கிலோ கூடியது. பார்த்தால், பழைய தராசு எடை நிலைத்த பிறகுதான் எண்ணை அனுப்பும். புதியது மூட்டை ஏறும்போதே அனுப்ப ஆரம்பித்து, நிலைக்கும்வரை 'ஆடுகிறது' என்று ஓர் எழுத்தைச் சேர்த்து அனுப்பும். எங்கள் நிரல் அந்த எழுத்தைப் பார்க்காமல் முதலில் வந்த எண்ணை எடுத்துக்கொண்டது. நான்கு நாள் ரசீதுகளையும் தேடி எடுத்து விவசாயிகளுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்தோம். தவறு முழுக்க எங்களுடையது.

டெஸ்டுகள் ஏன் பிடிக்கவில்லை? ஸ்டப் தராசு எப்போதும் நிலைத்த எடையைத்தான் சொன்னது. நான் எழுதியதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். தராசைப் பற்றி நாம் நம்புவதைத்தான் ஸ்டப் சொல்லும். தராசு என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. எழுதிய நாளில் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம். பிறகு தராசு மாறும், ஸ்டப் மாறாது. இதுதான் ஸ்டப்பின் பெரிய மறைவான செலவு. இதற்கு மருந்து என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சின்னச் செலவுகளும் உண்டு. லைப்ரரி ஸ்டப்பில் நாம் பதில் எழுதாத மெத்தடைக் கூப்பிட்டால் மாக்கிட்டோ பிழை சொல்லாது. எண் என்றால் பூஜ்யம், பட்டியல் என்றால் காலிப் பட்டியல், மற்றபடி நல் (null, அதாவது ஒன்றுமில்லை) என்று தந்துவிடும். சாக்கு எடை பூஜ்யம் என்று வந்தால் கணக்கும் ஓடும், டெஸ்டும் பச்சையாக நிற்கும். பைத்தானில் இன்னும் தாராளம். மெத்தட் பெயரைத் தப்பாக அடித்தாலும் மாக் சிரித்தபடி வாங்கிக்கொள்ளும். ஆட்டோஸ்பெக் (நிஜப் பொருளின் வடிவத்தையே பின்பற்றும் அமைப்பு) போட்டு உருவாக்கினால்தான் இல்லாத பெயரைக் கண்டிக்கும்.

அப்புறம், ஒரு கிளாஸைச் சோதிக்க ஏழு எட்டு ஸ்டப் வேண்டியிருந்தால் ஸ்டப்பைத் திட்டாதீர்கள். அந்த கிளாஸ் ஏழு எட்டு பேருடைய வேலையைத் தலையில் தூக்கிவைத்திருக்கிறது. எங்கள் ரசீதுக்கு ஆறு பேர் என்று மேலே சொன்னேனே, அதுவே அதிகம். முன்பணத்தையும் விலையையும் தனி கிளாஸுக்குக் கொண்டுபோன பிறகு நாலாகக் குறைந்தது, டெஸ்டும் பாதியானது.

## மாக் போட்டால்

மாக் என்ற யோசனை 2000-ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் எழுதும் முறையைப் பின்பற்றியவர்களின் வட்டத்தில் டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் ஆகியோர் எழுதிய கட்டுரையின் வழியே பரவியது. பொருள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதைச் சோதிப்பதுதான் அவர்கள் நோக்கம். அந்த நோக்கம் பொருந்துகிற இடத்தில் மாக்குக்கு இணையில்லை.

முன்பணப் பட்டுவாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விவசாயிக்கு 2,000 ரூபாய் அனுப்பச் சொன்னோம், பதில் வருவதற்குள் நெட்வொர்க் போய்விட்டது. மறுபடி முயல வேண்டும், ஆனால் பணம் இரண்டு தடவை போகக் கூடாது. அதற்கு இரண்டாவது முயற்சியிலும் முதல் முயற்சியின் அதே பரிவர்த்தனை எண் போக வேண்டும். இதை எந்த விடையை வைத்துச் சரிபார்ப்பீர்கள்? ரசீது கிளாஸுக்குத் திரும்பி வருவது ஒன்றும் இல்லை. வெளியே என்ன போனது என்பதுதான் விஷயம். இங்கே மாக் அல்லது ஸ்பை போட்டு, இரண்டு அழைப்பிலும் ஒரே எண்தானா என்று பார்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஸ்டப் போட்டால் பணம் பத்து தடவை போனாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும்.

மாக்கின் செலவு, கேள்விகளுக்கும் அதைப் போடும்போது வருகிறது. 'தராசிடம் எடையை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்' என்று ஒரு தம்பி எதிர்பார்ப்பு எழுதியிருந்தார். ஏன் ஒரு தடவை? இரண்டு தடவை கேட்டு ஒத்துப்பார்த்தால் என்ன கெட்டுவிடும்? அவருக்கும் தெரியவில்லை. நிரல் அன்றைக்கு அப்படி இருந்தது, அதை அப்படியே டெஸ்டில் எழுதிவைத்துவிட்டார். பின்னால் தராசுப் பிழையைச் சரிசெய்ய எடையை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும்படி மாற்றினோமே, அப்போது இப்படிப்பட்ட டெஸ்டுகள் எல்லாம் சிவந்தன. நிரல் நல்லதாக மாறியதற்கு டெஸ்டுகள் தடையாக நின்றன.

அழைப்புகளின் வரிசையைச் சரிபார்க்கிற டெஸ்டுகள் இன்னும் மோசம். வரிசைக்கு உண்மையிலேயே அர்த்தம் இருந்தால் மட்டும் எழுதுங்கள். பேரேட்டில் பதிவான பிறகுதான் எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பது அர்த்தமுள்ள வரிசை. பதிவாகாத ரசீதுக்குச் செய்தி போனால் விவசாயி எதை நம்புவார்?

## ஃபேக் போட்டால்

எழுதியதை நினைவில் வைத்துத் திருப்பித் தர வேண்டிய கூட்டாளிக்கு ஸ்டப் ஒத்துவராது. பேரேடு அப்படிப்பட்டது. மூன்று ரசீதுகளைப் பதிந்துவிட்டு மாத மொத்தம் கேட்கும் டெஸ்டுக்கு ஸ்டப் போட்டால், மொத்தத்தை நாமே முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும். அப்புறம் எதைச் சோதிக்கிறோம்? மெமரியில் ஒரு பட்டியல் வைத்து, பதி, தேடு, மொத்தம் சொல் என்ற மூன்றை மட்டும் செய்யும் ஒரு ஃபேக் எழுதினோம். நாற்பது வரிதான். எங்கள் டெஸ்டுகளில் பாதிக்கு மேல் அதன்மீதுதான் ஓடுகின்றன.

ஃபேக்கின் செலவு, அதுவும் ஒரு மென்பொருள். அதிலும் பிழை வரும், அதையும் பராமரிக்க வேண்டும். ஸ்டப்பில் ஒரு நிபந்தனை, இன்னொரு நிபந்தனை என்று சேர்த்துக்கொண்டே போய், ஒருநாள் அது யாரும் சோதிக்காத ஃபேக்காக மாறியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது நிபந்தனை எழுதும்போதே நின்று யோசியுங்கள்.

நாமே எழுதாமல் எஸ்க்யூலைட், எச்2 போன்ற சின்ன டேட்டாபேஸை மெமரியில் ஓட்டி அதையே ஃபேக்காக வைக்கலாம். சௌகரியம்தான், ஆனால் நிஜத்தில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ் என்றால் கவனம் வேண்டும். எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சரிபார்ப்பு (ஓர் அட்டவணையில் குறித்த எண் இன்னொன்றில் இருக்கிறதா என்று பார்ப்பது) நாமாக இயக்காவிட்டால் அணைந்தே இருக்கும். சாதாரணமாக எண் வைக்க வேண்டிய பத்தியில் எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். இல்லாத விவசாயி எண்ணுக்கு ரசீது போட்டால் உங்கள் டெஸ்ட் பச்சை, போஸ்ட்கிரெஸ் சிவப்பு. எஸ்க்யூஎல் வரிகளைச் சோதிப்பதாக இருந்தால் கன்டெய்னரில் (கணினியில் தனியாக ஒதுக்கிய சூழலில்) நிஜ போஸ்ட்கிரெஸை ஏற்றுங்கள். மெதுவாக இருக்கும், ஆகவே அவற்றைத் தனிக் கட்டாக வைத்து நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஓட்டினால் போதும்.

## ஒரே பார்வையில்

| | நிஜம் | ஸ்டப் | மாக், ஸ்பை | ஃபேக் |
|---|---|---|---|---|
| வேகம் | வெறும் கணக்கு என்றால் மிக வேகம். வெளியே போனால் மெதுவு | மிக வேகம் | மிக வேகம் | வேகம் |
| எப்போதும் ஒரே விடையா | வெளியே போனால் இல்லை | ஆம் | ஆம் | ஆம் |
| பிழை இடம் தெரியுமா | கொஞ்சம் தேட வேண்டும் | தெளிவாக | தெளிவாக | ஃபேக்கிலேயே பிழை இல்லையென்றால் |
| நிஜத்துக்கு நெருக்கம் | முழுசாக | எழுதியவரின் நம்பிக்கை அளவுக்கு | ஸ்டப் போலவே | ஓரளவு |
| உள்ளமைப்பு மாறினால் | தாங்கும் | பெரும்பாலும் தாங்கும் | சீக்கிரம் உடையும் | நன்றாகத் தாங்கும் |
| மறைவான செலவு | வன்பொருள், நெட்வொர்க், காத்திருப்பு | நிஜம் மாறினால் தெரியாது | நிரலின் நகலாகவே டெஸ்ட் ஆகிவிடும் | இன்னொரு நிரலைப் பராமரிக்க வேண்டும் |
| எங்கள் மென்பொருளில் | நிகர எடைக் கணக்கு | தராசு, கடிகாரம், விலைப் பட்டியல் | முன்பணம், எஸ்எம்எஸ் | பேரேடு |

## எந்த நிலைமையில் எது

கூட்டாளியிடம் நீங்கள் கேள்வி கேட்கிறீர்களா, கட்டளை இடுகிறீர்களா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தராசிடம் எடை கேட்பது கேள்வி. கேள்விக்கு ஸ்டப் போதும், எத்தனை தடவை கேட்டோம் என்பது யாருக்கும் முக்கியமில்லை. பணம் அனுப்பு என்பது கட்டளை. அது போனதா, எத்தனை தடவை போனது என்பது மிக முக்கியம், அங்கே மாக். ஒரே கூட்டாளியிடம் கட்டளையும் இட்டு அதன் விளைவைப் பின்னால் கேள்வியாகவும் கேட்டால், அதற்கு நினைவு வேண்டும், ஃபேக் போடுங்கள். கூட்டாளி தன் வட்டத்தைவிட்டு வெளியே போகாத வெறும் கணக்கு என்றால் எதுவும் போடாதீர்கள், அவரையே வையுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் எனக்கே மனம் இரண்டாக இருந்தது. மாக் போட்டு, 'இந்த எண்ணுக்கு இந்த வாசகம் போக வேண்டும்' என்று எழுதினோம். வாசகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் சிவந்தது. பிறகு கையால் ஒரு ஸ்பை எழுதி, போன செய்திகளைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளச் செய்து, 'ஒரு செய்தி போயிருக்கிறது, அதில் 28.8 என்ற எண் இருக்கிறது' என்று மட்டும் பார்த்தோம். இப்போது வாசகத்தை எப்படி மாற்றினாலும் கவலையில்லை, எடை மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

கையால் எழுதுவதா, லைப்ரரியா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இன்டர்ஃபேஸில் (கூட்டாளி தரும் மெத்தடுகளின் பட்டியலில்) ஒன்றிரண்டு மெத்தடுகள்தான் என்றால் கையால் எழுதிய ஸ்டப் ஐந்தாறு வரி, புதிதாகச் சேருகிறவரும் உடனே படித்துவிடுவார், மெத்தட் பெயர் மாறினால் ஜாவா கம்பைலரே சொல்லிவிடும். பத்துப் பதினைந்து மெத்தடுகள் உள்ள, நாம் மாற்ற முடியாத இன்டர்ஃபேஸ் என்றால் லைப்ரரி கையைக் காப்பாற்றும். மாக்கிட்டோ எடுத்தால் அதன் கண்டிப்பான முறையை அணைக்காதீர்கள். யாரும் கேட்காத பதிலை எழுதிவைத்திருந்தால் அது பிழை காட்டும். அந்தப் பிழை வந்தால் பெரும்பாலும் நீங்கள் நினைத்த பாதையில் நிரல் போகவில்லை என்று அர்த்தம்.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல், கிளாஸ் தன் கூட்டாளிகளை உள்ளேயே உருவாக்கிக்கொள்கிறது, எங்கே ஸ்டப்பைச் செருகுவது என்றும் கேட்டிருந்தார்கள். முதலில் ஒரே ஒரு கூட்டாளியைக் கிளாஸுக்கு வெளியே கொண்டுவந்து கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள், அதிலும் கடிகாரத்தை. மற்றவை அப்படியே இருக்கட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு, டெஸ்ட் எழுதுவதற்கு முன்பே நிரலை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## ஸ்டப் பழசாகாமல் இருக்க

புதுத் தராசுச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் முறையில் ஒரு மாற்றம் செய்தோம். தராசு என்ற இன்டர்ஃபேஸ் என்னென்ன வாக்குத் தர வேண்டும் என்று ஒரு டெஸ்ட் கட்டு எழுதினோம். தட்டு காலியாக இருந்தால் பூஜ்யம். மூட்டை ஆடிக்கொண்டிருந்தால் எண் தரக் கூடாது, காத்திருக்க வேண்டும். அலகு எப்போதும் கிலோ, கிராம் அல்ல. இணைப்பு அறுந்தால் பழைய எடையைத் திருப்பிச் சொல்லாமல் பிழை எறிய வேண்டும். மொத்தம் ஒன்பது.

இந்தக் கட்டை இரண்டு பேர்மீதும் ஓட்டுகிறோம். ஸ்டப்மீது ஒவ்வொரு மாற்றத்துக்கும். நிஜத் தராசுமீது, அலுவலக மேசையில் வைத்து, படிக்கற்களைக் கையால் ஏற்றி இறக்கி, முக்கால் மணி நேரம் எடுத்து. ஆடும் மூட்டைக்கு மட்டும் ஒரு சாக்கில் ஈர மண்ணை அள்ளித் தட்டில் போடுவோம், அதுதான் இலை மூட்டைபோல் அசையும். பேரேட்டுக்கும் இதே மாதிரி ஒரு கட்டு உண்டு, ஃபேக்குக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் பொதுவாக.

கீழ் கோத்தகிரி பக்கம் போகிற மையங்களுக்கு இந்த வருடம் மூன்று புதுத் தராசுகள் வந்தன. ஒன்றில் இணைப்பு அறுந்தபோது கடைசி எடையையே திரும்பத் திரும்பச் சொன்னது, அதற்கு நிரலைத் திருத்த இரண்டு நாள் ஆனது. ஒன்பதும் பச்சையான பிறகுதான் அது ஜீப்பில் ஏறியது.